கைத்தறி தானாகச் சாகவில்லை

குருக்கள்மடத்துக்கும் கழுவாஞ்சிகுடிக்கும் இடையில் எந்தத் தேநீர்க் கடையில் பேச்சை எடுத்தாலும் கைத்தறிக்கு ஒரே தீர்ப்புத்தான் கிடைக்கும். “அதெல்லாம் முடிஞ்ச கதை. விலையும் கூட. இனி அது கொழும்பு ஆக்களுக்கும் வெள்ளைக்காரருக்கும்தான்.” படித்தவர்கள் இதையே கொஞ்சம் நீட்டிச் சொல்வார்கள். சந்தையில் நின்றுபிடிக்க முடியாத தொழில் தானாக அழிந்தது என்பார்கள். தறியில் இருந்த பெண்களுக்கு ஆடைத் தொழிற்சாலையில் அதைவிட நல்ல வேலை கிடைத்துவிட்டது என்பார்கள். சூழல், பூமி என்பதெல்லாம் மேல்நாட்டு நாகரிகம், உள்ளூர் நெசவை வாங்குவது ஒரு வகைத் தருமம், முடிந்தவன் செய்யட்டும் என்பார்கள்.

மட்டக்களப்பில் எங்கள் ஊரான செட்டிபாளையத்தை யாரும் நெசவூர் என்று சொல்வதில்லை. இது வாங்கும் ஊர். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஏ4 வீதி. அந்த வீதியில் வடக்கே போனால் ஆரையம்பதி தாண்டிக் காத்தான்குடி. தெற்கே போனால் கல்லாறு தாண்டி மருதமுனை. இரண்டும் தறிச் சத்தத்துக்குப் பேர்போன ஊர்கள். எழுவான்கரைத் தமிழரும், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல் செய்தவர்களும் கட்டிய சாறன்கள், விரித்த விரிப்புகள், மேசைச் சீலைகளில் கணிசமானவை அங்கிருந்து வந்தவை. ஆகவே இந்த வழக்கில் நான் வாங்குகிறவன் பக்கத்துச் சாட்சி. நெசவாளருக்காக இரக்கம் கேட்க வரவில்லை. தீர்ப்பில் உள்ள பிழைகளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலாவது, “தானாக அழிந்தது” என்ற வாதம். இதுதான் எல்லாவற்றுக்கும் அத்திவாரம். ஆகவே இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1970க்கும் 1977க்கும் இடையில் வெளிநாட்டுத் துணி வருவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அந்த நிழலில் நாடு முழுவதும் தறிகள் பெருகின. அக்காலத்துத் துணியெல்லாம் தங்கம் என்று நான் சொல்லப் போவதில்லை. போட்டி இல்லாத இடத்தில் சாயம் போகும் சாறனும் விற்கும். 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு கதவைத் திறந்தது. இறக்குமதித் துணி வந்து குவிந்தது. தறிகள் சரிந்தன. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் “சந்தை தீர்ப்பளித்துவிட்டது” என்கிறார்கள். அதே சந்தையில் வளர்ந்ததாகச் சொல்லப்படும் ஆடைத் தொழிற்சாலைகள் எப்படி வளர்ந்தன என்று யாரும் கேட்பதில்லை. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. வரி விடுமுறை கொடுத்தார்கள். துணியையும் நூலையும் தீர்வையின்றி இறக்குமதி செய்யவிட்டார்கள். 1992இல் ரணசிங்க பிரேமதாச அரசு, கிராமங்களுக்கு 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்று ஒரு திட்டமே போட்டது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 2004 முடியும்வரை உலக ஆடை வணிகம் நாட்டுக்கு நாடு ஒதுக்கப்பட்ட கோட்டாவில் நடந்தது. இலங்கைக்கென்று ஒரு பங்கு எழுதி வைக்கப்பட்டிருந்தது. இதில் தப்பொன்றும் இல்லை. ஒரு தொழிலை வளர்க்க நினைக்கும் அரசு அப்படித்தான் செய்யும். ஆனால் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஊட்டி வளர்த்துவிட்டு, மற்றப் பிள்ளை மெலிந்து போனது அதன் விதி என்று சொல்லக் கூடாது.

எங்கள் பக்கத்தில் அழிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பொருளாதாரக் கட்டுரைகள் எழுதுவதில்லை. வீதி அறுந்தது. 1990 யூலையில் குருக்கள்மடத்தில் முஸ்லிம் பயணிகளுக்கு நடந்த படுகொலையும், ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலையும் இந்த மாவட்டத்தில் யாருக்கும் புதிதல்ல. நெய்கிறவன் முஸ்லிம், கட்டுகிறவன் தமிழன் என்ற நெடுங்கால ஏற்பாடு அந்த வருடத்தோடு முறிந்தது. தலையில் மூட்டையும் கையில் முழக்கோலுமாக ஊருக்குள் வந்த வியாபாரி வரவில்லை. பெருநாளுக்கோ பொங்கலுக்கோ துணியெடுக்கப் போனவர்களும் போகவில்லை. பிறகு 2004 டிசம்பர் 26. கடலோரத்தில் இருந்த மருதமுனையை சுனாமி வாரிக்கொண்டு போனபோது தறிகளும் போயின. கலவரமும் கடலும் முறித்த ஒன்றைச் “சந்தையில் தோற்றது” என்று எழுதுவது கணக்கில் செய்யும் மோசடி.

இன்றும் தறியை நெருக்குவது வாங்க ஆளில்லாத குறை அல்ல, நூல்தான். கைத்தறிக்கு நூல் சிட்டமாக வேண்டும்; அப்போதுதான் சாயத்தில் முக்கலாம், கஞ்சி போடலாம். விசைத்தறிக்குக் கூம்பில் சுற்றிய நூல் போதும். ஆலைக்காரருக்குக் கூம்புதான் லாபம். இந்தியாவில் இதை உணர்ந்து, ஆலைகள் உள்நாட்டுச் சந்தைக்கு விடும் நூலில் ஒரு பங்கைச் சிட்டமாகத்தான் தர வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். 40 சதவீதமாக இருந்ததை 2019இல் 30 ஆகக் குறைத்தார்கள். அதற்கே நெசவாளர் சங்கங்கள் சத்தம் போட்டன. நமக்கு அந்தக் கவலையே இல்லை, நூலே பெரும்பாலும் வெளியில் இருந்துதான் வருகிறது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதங்களில் 360ஐத் தொட்டபோது நூலும் சாயமும் எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2020 ஓகஸ்ட்டில், பத்திக், கைத்தறித் துணி, உள்நாட்டு ஆடை உற்பத்திக்கென்றே ஓர் இராஜாங்க அமைச்சு அமைத்திருந்தார்கள். பெயர்ப்பலகை நீளமாகத்தான் இருந்தது.

அடுத்தது விலை. கைத்தறிச் சாறன் விலை கூட என்பது உண்மை. மறுக்க மாட்டேன். எதோடு ஒப்பிட்டுக் கூட என்பதுதான் கேள்வி.

புடைவைக் கடையில் இரண்டு சாறனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலிவானதைப் புரட்டினால் உட்புறம் வெளிறியிருக்கும். கட்டம் மேலே அச்சடித்தது. கைத்தறியில் நூலுக்கே முதலில் சாயம் ஏற்றிவிடுவதால் அகமும் புறமும் ஒரே கட்டம். ஓரத்தை விரலால் தடவினால் சின்னஞ்சிறு துளைகள் வரிசையாகத் தட்டுப்படும். நெய்யும்போது துணியின் அகலம் சுருங்காமல் இரு ஓரத்திலும் ஊசிமுனை வைத்த குச்சியைக் குத்தி இழுத்துப் பிடிப்பார்கள். அந்தத் தடம் அது. புதுச் சாறன் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். இரண்டு மூன்று தோய்ச்சலில் கஞ்சி கழன்று மெதுமெதுவென்று ஆகிவிடும். அங்குலத்துக்கு 40 ஊடு நூல் என்று குறைவாகவே வைத்தாலும், 2 மீற்றர் சாறனுக்கு நாடா 3,100 தடவைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு மிதி, ஓர் அடி. பாவு ஓடுவதும், ஆயிரத்துக்கு மேற்பட்ட இழைகளை ஒவ்வொன்றாகக் கோத்தெடுப்பதும் இந்தக் கணக்கில் இல்லை.

இதற்கு மேல், கட்டுகிறவன் கணக்கு. கைத்தறிக்கு மூன்று மடங்கு விலை என்றே வையுங்கள். மலிவுச் சாறன் ஒரு வருடத்தில் முழங்கால் பக்கம் நைந்து, கட்டமும் மங்கிவிடும். மற்றது நாலு ஐந்து வருடம் கிடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த வகுத்தல் இது. கையில் மொத்தமாகக் காசு இல்லாதவனுக்கு இந்த வகுத்தல் உதவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கூலிக்காரன் மலிவைத்தான் வாங்குவான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் “எங்களுக்குக் கட்டாது” என்று சொல்கிறவர்களில் பலர் கூலிக்காரர் அல்லர். கலியாணத்துக்கு ஒரே நாள் உடுத்த இந்தியச் சீலைக்குப் பல்லாயிரம் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்.

விலை பற்றிய பயத்தில் பாதி கொழும்பின் கண்ணாடி அலுமாரிகளில் இருந்து வந்தது. பார்பரா சன்சோனி 1960களில் தொடங்கிய பெயார்ஃபுட், குருநாகலில் 1991இல் தொடங்கிய செலின் போன்ற நிறுவனங்கள் கைத்தறிக்கு ஒரு மதிப்பைத் தேடிக்கொடுத்தவை. நிறம் தெரிந்து நெய்தால் உலகம் வாங்கும் என்று காட்டியவை. அந்த விலைச்சீட்டில் வடிவமைப்பும், கடை வாடகையும், ஏற்றுமதித் தரமும் சேர்ந்திருக்கின்றன. மருதமுனையில் தறி வைத்திருக்கிற வீட்டு வாசலில் கேட்டால் வேறு விலை. காலி வீதியில் பார்த்த விலையை வைத்துக்கொண்டு கல்முனை வீதியில் பயப்படுகிறோம்.

“தறியைவிட ஆடைத் தொழிற்சாலை மேல்” என்ற வாதத்தில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மாதம் முடியச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, விபத்து என்றால் கேட்க ஓர் இடம். வீட்டில் தறி அடிக்கும் பெண்ணுக்கு இவை எதுவும் இல்லை. கைத்தறியைக் கொண்டாடும் கட்டுரைகள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. துண்டுக்குக் கூலி வாங்கும் பெண்ணின் படத்தை அழகாகப் போட்டுவிட்டுப் போய்விடுகின்றன. ஆனால் நிரந்தரம் என்ற சொல்லைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். கொவிட் பரவிய 2020இல் மேல்நாட்டு வணிகர் ஒரு மின்னஞ்சலில் ஓடர்களை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை என்றது, யூலையில் 30 என்றது, ஓகஸ்ட்டில் 20இல் வந்து நின்றது. அந்த நாலு மாதமும் தொழிற்சாலைப் பெண்கள் என்ன நினைத்துக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறியிருப்பார்கள்? அதே 2025 மே மாதத்தில் கட்டுநாயக்கவில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் தொழிற்சாலை மூடப்பட்டு 1,400 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். ஒன்றை மூடித்தான் மற்றதைத் திறக்க வேண்டும் என்று யார் சொன்னது? சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாத, வாவியோரக் கிராமத்தை விட்டு வெளிக்கிட முடியாத பெண்ணுக்குத் தொழிற்சாலை பஸ் ஒருநாளும் நிற்கப் போவதில்லை. அவளுக்குத் தறியும் பன்பாயும்தான் கைக்கெட்டும் தொழில். பன் வெட்டி, காயவிட்டு, சாயத்தில் அவித்து, இருந்த இடத்தில் இழைத்தெடுக்கிற பாய்க்கு மூலதனம் என்று பெரிதாக எதுவும் வேண்டாம்.

சூழல் பேச்சு மேல்நாட்டு நாகரிகம் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. கிழிந்த சாறன் தலையணை உறையாகி, பிள்ளைக்கு ஏணையாகி, அடுப்படியில் பிடிதுணியாகி, விளக்குத் திரியாக முடிந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். எலன் மக்காதர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உடுப்புச் செய்யப் பயன்படும் பொருளில் 1 வீதத்துக்கும் குறைவானதுதான் திரும்பப் புது உடுப்பாகிறது. எங்கள் பாட்டிமார் பிடிதுணி செய்த கணக்கு அந்த அறிக்கையில் வராது. ஊர்த் தையற்கடைக்கும் இதில் பங்குண்டு. அக்காவின் சட்டையைத் தங்கைக்கு ஒடுக்கிக் கொடுப்பதும், காற்சட்டைக்குப் பின்பக்கம் ஒட்டுப் போடுவதும் தையல்காரருக்கு வருமானம் குறைந்த வேலைகள். என்றாலும் ஊருக்கு அவைதான் மிச்சம். ஒரு விடயத்தில் மட்டும் கைத்தறிக்காரரும் வாயைக் கட்ட வேண்டும். இறக்குமதி நூலும் இரசாயனச் சாயமும் வைத்துக்கொண்டு “முற்றிலும் இயற்கை” என்று சீட்டு ஒட்டக் கூடாது. சாயத் தண்ணீர் வாவிப் பக்கம் போனால் அது யாருடைய சாயம் என்று இறால் பார்க்காது.

கடைசியாகத் தருமம். தருமம் என்று நினைப்பதால்தான், நெசவாளரின் வாசலில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். நகரத்துக் கடையில் விலைச்சீட்டைப் பார்த்ததும் வாயை மூடிக் காசை எண்ணுகிறோம். இதன் மறுபக்கமாக இன்னொரு கோஷமும் அடிக்கடி காதில் விழுகிறது: “எங்கட ஆக்களிட்ட வாங்குவம்.” கேட்க உள்ளூர்ப் பற்று மாதிரி இருக்கும். 2019 ஏப்ரல் ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு இந்தக் கோஷம் முஸ்லிம் கடைகளுக்கு எதிராக நாடெங்கும் எப்படித் திரும்பியது என்று பார்த்தோம். மட்டக்களப்பில் உள்ளூர் என்பதை இனத்தால் அளந்தால் கைத்தறி என்ற பொருளே மிஞ்சாது. இந்தத் துணியின் பிறப்பே இரண்டு பக்கமும் சேர்ந்தது.

தருமத்தை நம்பிப் பிழைக்க வேண்டிய தேவையும் இல்லை, வாங்க வேண்டிய பெரிய கை ஒன்று இருக்கிறது: அரசு. தமிழ்நாட்டில் 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சி தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தின் துணியை அங்குள்ள கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்கின்றன; ஏழைக்குப் பொங்கல் சேலை, நெசவாளருக்கு வருடத்தில் பல மாத வேலை. இங்கே 40 இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவருக்கு அரசு வருடந்தோறும் சீருடைத் துணி கொடுக்கிறது. 2023இல் அதில் 70 வீதம், 2024இல் 80 வீதம், 2025இல் முழுவதும் சீனாவின் அன்பளிப்பு. நெருக்கடியில் வந்த அன்பளிப்பை வேண்டாம் என்று சொல்ல முடியாது; வெள்ளைச் சீருடையை முழுக்கக் கைத்தறியில் நெய்து முடிக்கவும் முடியாது. ஆனால் அரச அலுவலகத் திரைச்சீலைகள், வைத்தியசாலைக் கட்டில் விரிப்புகள், பாடசாலை மேசை விரிப்புகள் மட்டும் கிழக்கு மாகாணத் தறிகளில் இருந்து வரட்டும் என்று மாகாண நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். நூலை மொத்தமாக வாங்கி வைக்கவும், பெண்களுக்குச் சேமலாப நிதி கட்டவும் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் துணிவு வரும். கழுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையில் இருந்தே தொடங்கலாம். மருதமுனை அங்கிருந்து அரை மணி நேரப் பஸ் ஓட்டம்.