பொம்மை லாரிக்குப் பெரிய மோட்டார் எதற்கு?

ரேடியோ அலையால் ஓட்டப்படும் பொம்மைக் கார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு தனி வகை உண்டு. பெரிய டயர்கள், நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில், வயிற்றுப் பகுதி தரையில் இடிக்காத உயரம். மேடு, பள்ளம், மணல், சேறு எதையும் பொருட்படுத்தாமல் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட லாரிகள் இவை. முத்துப்பேட்டைப் பக்கத்து மாணவர் ஒருவர் கையில் இப்படி ஒரு வண்டி கிடைத்தால் அதை எங்கே ஓட்டுவார்? தார் ரோட்டிலா? அறுவடை முடிந்த வயலில், தென்னந்தோப்பு மணலில், கோரையாற்றங்கரைச் சேற்றில்தான் ஓட்டுவார்.

சற்று நேரத்தில் வண்டி திணறும். மோட்டாரைத் தொட்டால் கை சுடும். அதற்கு மேலும் ஓட்டினால் கம்பிச் சுருளின் வார்னிஷ் கருகும் வாடை வரும். உடனே, "மோட்டாருக்குச் சக்தி போதவில்லை, பெரிய மோட்டார் போடு, அதிக வோல்ட் பாட்டரி போடு" என்று யாராவது ஒரு நண்பர் யோசனை சொல்வார். பணம் செலவாகும். வண்டி முன்னைவிட வேகமாகக் கருகும்!

மாற்ற வேண்டியது மோட்டாரை அல்ல, பல்சக்கரத்தை என்பதே என் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

மோட்டார் சுழலும்போது அதுவே ஒரு டைனமோவாகவும் வேலை செய்கிறது. அது உண்டாக்கும் மின்னழுத்தம், பாட்டரியின் மின்னழுத்தத்தை எதிர்த்து நிற்கிறது. ஆகையால் மோட்டார் வேகமாகச் சுழலும் வரை அதனுள் சிறிதளவு மின்னோட்டமே பாயும். சேற்றில் சக்கரம் அழுந்தி, மோட்டார் மெதுவாகச் சுழலும்போது இந்த எதிர்ப்பு குறைகிறது, மின்னோட்டம் ஏறுகிறது. சக்கரம் அடியோடு நின்றுவிட்டால் எதிர்ப்பே இல்லை. 7.4 வோல்ட் பாட்டரியையும், கம்பிச் சுருள் முதலியவற்றின் மொத்தத் தடை 0.1 ஓம் என்பதையும் எடுத்துக்கொள்வோம். வேறு எதுவும் குறுக்கே நிற்காவிட்டால் 74 ஆம்பியர் பாயும். ஜூல் விதிப்படி கணக்கிட்டால் வெப்பம் ஏறத்தாழ 548 வாட். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன மோட்டாருக்கு அரை கிலோவாட்டுக்கு மேல் வெப்பம்! இதில் 11.1 வோல்ட் பாட்டரியைப் போட்டால் என்ன ஆகும்? மின்னோட்டம் ஒன்றரை மடங்கு. வெப்பம் இரண்டேகால் மடங்கு, அதாவது 1,232 வாட். நண்பர் சொன்ன யோசனையின் விலை இதுதான்.

இப்போது வயலுக்கு வாருங்கள். நடவுக்கு முன் சேற்றுழவு ஓட்டும் டிராக்டரைக் கவனித்திருக்கிறீர்களா? முழங்கால் ஆழச் சேறு. ஓட்டுநர் எப்படி ஓட்டுகிறார்? கியரைக் குறைத்து, நிதானமாக ஓட்டுகிறார். ரோட்டில் ஓடும் அதே எஞ்சின்தான் வயலிலும் உழுகிறது. மாறியது பல்சக்கரங்களின் விகிதம் மட்டுமே. பின்சக்கரத்தில் இரும்புப் பட்டைகள் வைத்த கேஜ் வீலையும் மாட்டிக்கொள்கிறார். சேற்றுழவுக்காக யாரும் எஞ்சினைக் கழற்றிப் பெரிய எஞ்சின் மாட்டுவதில்லை. தை மாதம் சம்பா அறுவடையின்போது ஈரம் காயாத வயலில் டயர் வண்டி இறங்க முடியாமல் நிற்கும். பெல்ட் வண்டி இறங்கி அறுக்கும். பாரம் பரந்த இடத்தில் விழுவதால் அது புதைவதில்லை. டெல்டாக்காரர்களுக்கு இது புத்தகம் பார்க்காமலே தெரிந்த விஞ்ஞானம். பொம்மை லாரி என்று வந்ததும் ஏனோ இதை மறந்துவிடுகிறோம்.

உங்கள் லாரியைக் கவிழ்த்துப் பாருங்கள். மோட்டார் தண்டின் நுனியில் ஒரு சின்ன பல்சக்கரம் இருக்கும். மெக்கானிக்குகள் இதைப் பினியன் என்பார்கள். அது ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. சின்னதில் 20 பற்கள், பெரியதில் 80 பற்கள் என்றால் விகிதம் 4. சின்னதைக் கழற்றிவிட்டு 16 பற்கள் உள்ளதைப் போடுங்கள். விகிதம் 5 ஆகிறது. சக்கரத்துக்கு அதே திருப்பு விசையைத் தர மோட்டார் முன்பு 20 ஆம்பியர் வாங்கியிருந்தால் இப்போது 16 ஆம்பியர் போதும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதம் அல்லவா? ஆகவே 40 வாட்டாக இருந்த வெப்பம் 25.6 வாட் ஆகிறது. நூற்றுக்கு 36 பங்கு குறைவு! இதற்கு ஈடாக நீங்கள் இழப்பது உச்ச வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சேற்றில் உச்ச வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

இதே கணக்கு எதிர்த் திசையிலும் வேலை செய்யும். அழகுக்காக ஒன்றேகால் மடங்கு உயரமான டயரை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டியை அதே விசையோடு தள்ள மோட்டார் இப்போது ஒன்றேகால் மடங்கு மின்னோட்டம் வாங்க வேண்டும். வெப்பம் ஒன்றரை மடங்கையும் தாண்டிவிடும். சேற்றில் ஓட்ட டயரை மாற்றத்தான் வேண்டும் என்றால், உயரமான டயர் வேண்டாம். அகலமாகவும் ஆழமான பள்ளங்கள் வெட்டியதாகவும் உள்ள டயரைத் தேடுங்கள்.

வெப்பத்துக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். தாமிரக் கம்பியின் வெப்பநிலை 60 டிகிரி உயர்ந்தால் அதன் தடை ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது. அதே மின்னோட்டம் இப்போது கூடுதல் வெப்பம் தருகிறது. காந்தமும் சூட்டில் வலுவிழக்கிறது. வலுவிழந்த காந்தத்தோடு அதே வேலையைச் செய்ய இன்னும் அதிக மின்னோட்டம் வேண்டும். நியோடிமியக் காந்தங்களில் சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆறிய பிறகும் பழைய வலிமை முழுவதும் திரும்பாது. அதனால்தான் ஒரு முறை நன்றாகச் சூடேறிய மோட்டார் மறுநாளும் சோம்பலாக ஓடுகிறது.

நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட 40 டிகிரி அதிகம் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊட்டியில் காற்று 20 டிகிரி; மோட்டார் 60 டிகிரி. சித்திரை மாத முத்துப்பேட்டையில் காற்று 38 டிகிரி. மோட்டார் 78 டிகிரி. குளிர் நாட்டில் சோதித்துப் பார்த்த வண்டி நம் ஊரில் தடுமாறுவதில் வியப்பில்லை. போதாக்குறைக்குச் சேறு வேறு. மோட்டாரின் மேல் அப்பிக் காய்ந்த சேறு, போர்வை போர்த்தியதுபோல் வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். டிராக்டரின் ரேடியேட்டர் முகப்பில் பதர் அடைத்தால் எஞ்சின் சூடேறுவதும் இந்தக் கதைதான். ஆகவே பினியனை மாற்றிய பிறகு செய்ய வேண்டிய இரண்டாவது வேலை, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் சேற்றைத் துடைப்பது. அலையாத்திக் காட்டுப் பக்கத்து உப்புச் சேறாக இருந்தால், பாட்டரியைக் கழற்றிவிட்டு, ஈரத் துணியால் நல்ல தண்ணீரில் துடைத்து உலர்த்துங்கள். உப்பு பேரிங்கை அரித்துவிடும். மோட்டாருக்கு ஒரு சின்ன விசிறியும், வரிவரியான அலுமினியத் தகடும் மாட்டுவது நல்லதுதான். ஆனால் அவை மூன்றாவது வேலை. தவறான பல்சக்கரத்தோடு விசிறி மாட்டுவது, கூரை ஒழுக அடியில் பாத்திரம் வைப்பதற்குச் சமம்.

இன்னொரு மோகத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று உடைந்ததும் எல்லாவற்றையும் எஃகாக மாற்றிவிடத் துடிக்கிறார்கள். பெரிய பல்சக்கரத்தை எஃகாக்கினால் அடுத்து தண்டு முறுக்கிக்கொள்கிறது. தண்டை எஃகாக்கினால் டிஃபரன்ஷியல் உடைகிறது. அதையும் மாற்றினால் தாங்க முடியாத சுமை மோட்டாருக்கே போய்ச் சேருகிறது. டிராக்டரில் ரோட்டவேட்டரை இணைக்கும் தண்டில் பெரும்பாலும் ஷியர் போல்ட் என்று ஒரு சாதாரண போல்ட் இருக்கும். கத்தியில் கல்லோ மரவேரோ மாட்டினால் இந்தப் போல்ட் அறுந்துவிடும். விலை உயர்ந்த கியர் பெட்டி தப்பித்துவிடும். அறுவதற்கென்றே வைத்த போல்ட் அது! உங்கள் லாரியில் சில பத்து ரூபாய்ப் பிளாஸ்டிக் சக்கரம் செய்வதும் அந்த வேலையே. ஒரு பாகத்தையாவது பலவீனமாக விட்டுவையுங்கள், அதற்கு உபரி ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

பாட்டரி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகவே பேசுவேன். இப்போது இந்த வண்டிகள் பலவற்றில் லித்தியம் பாலிமர் பாட்டரி வருகிறது. அதன் ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவும் கூடாது. ஓடி முடித்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். அதற்குரிய சார்ஜரில் மட்டும், பெரியவர் ஒருவர் பார்வையில், எளிதில் தீப்பிடிக்கும் பொருள் இல்லாத தரையில் போடுங்கள்; சார்ஜ் ஏறும்போது விட்டுவிட்டுப் போகாதீர்கள். கீற்றுக் கொட்டகையில் வேண்டவே வேண்டாம். உப்பிப்போன பாட்டரியைக் குத்திப் பார்க்கக் கூடாது. அதன் ஆயுள் முடிந்தது.

சக்தி குறைவாக இருந்தால் கரடுமுரடான தரையில் ஓட முடியாது என்று இன்னும் உங்களுக்குத் தோன்றுகிறதா? அப்படியானால் சந்திரனைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 அங்கே இறங்கியது. அதிலிருந்து வெளியே வந்த பிரக்யான் ஊர்தியும் ரேடியோவால் இயக்கப்பட்ட, சாலையில்லாத் தரையில் ஓடும் வண்டிதானே? எடை 26 கிலோகிராம், ஆறு சக்கரங்கள். அதற்குக் கிடைத்த மின்திறன் 50 வாட், நம் வீட்டுப் பழைய மின்விசிறி எடுத்துக்கொள்வதைவிடக் குறைவு. வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர். அங்கே காற்றே இல்லை. எந்த விசிறியும் உதவாது. அதிலும் மெதுவாக, பொறுமையாக ஊர்ந்து அது 100 மீட்டருக்கு மேல் கடந்தது. சந்திரயான் திட்டத்தின் சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண், நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையை அரைத்துச் செய்யப்பட்டது.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே சோதியுங்கள். 20, 18, 16 பற்கள் உள்ள மூன்று பினியன்கள் வாங்குங்கள். அவற்றின் பல்லளவு பெரிய சக்கரத்தோடு பொருந்த வேண்டும். மாற்றும்போது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே நோட்டுத் தாளின் கீற்று ஒன்றை வைத்து, மோட்டாரை நெருக்கி, திருகை இறுக்கிவிட்டுத் தாளை உருவினால் சரியான இடைவெளி கிடைக்கும். ஒரே வயல், ஒரே பாதை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் ஓட்டம். ஒவ்வொரு முறையும் மோட்டார் முற்றிலும் ஆறிய பிறகே அடுத்த ஓட்டத்தைத் தொடங்குங்கள். ஓட்டம் முடிந்ததும் அகச்சிவப்பு வெப்பமானியால் மோட்டாரின் சூட்டை அளந்து, காற்றின் வெப்பநிலையைக் கழித்து எழுதுங்கள். 2020 கொரோனா நாட்களில் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி உங்கள் பள்ளியில் இருக்கலாம். பரப்பு வெப்பம் அளக்கும் வசதி அதில் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் காய்ச்சல் அளவைத் தாண்டியதும் அது காட்டாது. பளபளக்கும் உலோகத்தை நேரே அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மோட்டாரின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் அளவு எடுங்கள்.