நடுவு தவறும் நடுவர் ஆணை

'நடுவர்' என்பது நடுவுநிலைமையைச் சுட்டி எழுந்த சொல். துலைக்கோல் போல் ஒருபாற் சாயாது நிற்பவர்க்கே அப்பெயர் பொருந்தும். கோவலன்மேற் சாற்றிய பழியை ஆராயாது, பொற்கொல்லன் ஒருவன் சொற்கேட்டு ஆணையிட்ட பாண்டியன், தன் பிழை உணர்ந்தவுடனே உயிர்நீத்தான். இன்றோ, ஒருபக்கச் சொற்கேட்டு உழவனின் வயலை முடக்கும் ஆணையில் கையெழுத்திட்டுவிட்டு, நடுவர் அடுத்த கோப்பைப் புரட்டுகின்றார்!

அண்மையில், என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தை ஓர் ஆணைத்தாளுடன் வந்தார். அவர் முப்பதாண்டாக உழுதுவருவது இரண்டு மா நன்செய். அடுத்த வயலைப் புதிதாக வாங்கிய செல்வர் ஆளனுப்பி வரப்பை வெட்டினார்; தடுத்த இவருக்கு அடி விழுந்தது. காவல் நிலையத்தில் முறையிட்டார். கிடைத்ததோ, நிலம் பற்றுகை (சப்தி) செய்யப்பட்டது, இருதிறத்தாரும் அதில் இறங்கலாகாது என்னும் நடுவர் ஆணை. அதுவும் ஆங்கிலத்தில்! "ஐயா, நான் கதிர் அறுக்கலாமா, கூடாதா?" என்று அவர் கேட்டபொழுது, வயலில் கதிர் முற்றித் தலைசாய்ந்திருந்தது.

சட்டம் கூறுவது என்ன? 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145ஆம் பிரிவு, 2024 சூலை 1 முதல் 'பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா' என்னும் வாய்நுழையாப் பெயர்கொண்ட சட்டத்தின் 164ஆம் பிரிவாகியுள்ளது. எண் மாறிற்று, பெயர் வடமொழியாயிற்று, உள்ளடக்கம் பெரும்பாலும் அதுவே. நிலத்தையோ நீரையோ பற்றிய பூசலால் அமைதி குலையும் என்று நடுவர் கருதினால், அதற்கான கரணியங்களை எழுத்தில் பொறித்தல் வேண்டும். இருதிறத்தாரையும் அழைத்துச் சான்றுகளைக் கேட்டல் வேண்டும். நிலம் எவர்க்கு உரியது என்னும் ஆராய்ச்சி அவர் வேலையன்று; ஆணையிட்ட நாளில் அஃது எவர் துய்ப்பில் (அனுபவத்தில்) இருந்தது என்பதொன்றையே அவர் முடிவுசெய்யலாம். செய்தி கிடைப்பதற்கு முந்தைய இரண்டு திங்களுக்குள் ஒருவர் வன்முறையால் வெளியேற்றப்பட்டிருந்தால், அவரையே துய்ப்பிலுள்ளவராகக் கொள்ளவும் சட்டம் இடந்தருகின்றது. எளியவனுக்கு இட்ட வேலி இது.

அவ்வேலியே பயிரை மேய்கின்றது. வலியவன் முதலில் அடியாள் விடுகின்றான்; பின் அவனே 'அமைதி குலைகின்றது' என்று முறையிடுகின்றான். கல்லெறிந்தவனும் கல்லடி பட்டவனும் காவல்துறை அறிக்கையில் ஒருநிகராகின்றனர். அவ்வறிக்கையின் படியே ஆணையாகின்றது. துய்ப்பு பற்றிய வழக்கு உரிமையியல் மன்றத்தில் நடக்கும்பொழுது, அதே நிலத்திற்கு நடுவர் முன் இணைவழக்கு நடத்தல் தகாது என்று உச்ச அறமன்றம் கூறி ஏறத்தாழ நாற்பதாண்டாயிற்று. அத்தீர்ப்பு பல அலுவலகங்களின் வாயிலைத் தாண்டவில்லை.

'பற்றுகை சிறிது காலத்திற்குத்தானே' என்பர் சிலர். அயோத்தியில் 1949 திசம்பர் 29ஆம் நாள், அன்றைய சட்டத்தின் இதே 145ஆம் பிரிவின்கீழ் நடுவர் ஒருவர் பற்றுகை செய்த இடத்தின் வழக்கு, 2019 நவம்பர் 9ஆம் நாள்தான் முடிவுற்றது. நாடறிந்த வழக்கிற்கே எழுபதாண்டெனில், ஊரறியா உழவன் எத்தனை தலைமுறை காத்திருப்பான்?

நோயின் வேர் இருவகைத்து. இவ்வாணையிடும் கோட்டாட்சியர் அரசின் ஆட்சித்துறை அலுவலர்; அவரது பணியிட மாற்றம் மேலிடத்தார் கையில். ஆட்சித்துறையையும் அறமன்றத்துறையையும் பிரிக்க வேண்டுமென்று அரசியலமைப்பின் 50ஆம் கூறு சொல்லியும், நிலப்பூசல் இன்னும் அவர் மேசையில்தான் கிடக்கின்றது. மற்றொரு வேர் மொழி. தமிழே ஆட்சிமொழி என 1956இல் சட்டமியற்றிய மண்ணில், தன் நிலம் முடக்கப்பட்ட செய்தியைத் தமிழன் பிறரிடம் படித்துக் கேட்கின்றான்!

ஆகவே நாம் கேட்பன இவை: ஆணை தமிழில் வரல் வேண்டும், கரணியம் எழுதா ஆணை செல்லாததாதல் வேண்டும், வன்முறையாளனிடம் பிணைமுறி வாங்காது உழுபவனின் நிலத்தை முடக்குதல் கூடாது, நின்ற பயிரைக் காக்கச் சட்டம் தரும் வழியை நடுவர் தாமே முன்வந்து கையாளல் வேண்டும்.

அன்றிரவே அவ்வாணையைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதில் கரணியம் என ஒரு வரியும் இல்லை. அக்குறையைக் கொண்டே வழக்கறிஞர் சீராய்வு வேண்டியுள்ளார். கதிரோ வயலிலேயே உதிர்ந்துவிட்டது. அன்பர்களே, உங்கள் ஊரில் இத்தகைய தாள் ஒன்று எவர் கைக்கேனும் வந்தால், முதலில் அதைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். கதிர் உதிருமுன் காட்டுங்கள்.