கோலசிலாங்கூருக்கு நாம் பட்ட கடன்

கோலசிலாங்கூருக்கு உறவினர் வந்தால் நாம் அழைத்துப் போகும் இடங்கள் மூன்று. புக்கிட் மெலாவத்தியில் லுத்தோங் குரங்குகளோடு படம் எடுக்கிறோம். பாசீர் பெனாம்பாங்கில் மீனும் இறாலும் சாப்பிடுகிறோம். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறி மின்மினிப் பூச்சி பார்க்கிறோம். பிறகு கார் நெடுஞ்சாலையைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய தோட்டங்கள் இருக்கும் உள்பக்கச் சாலையில் அவர்களை அழைத்துக்கொண்டு நாம் திரும்புவதே இல்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டுப் பழகிவிட்டோம். பிள்ளைகளும் அப்படியே கேட்கிறார்கள்.

அந்தப் புக்கிட் மெலாவத்தி மலையின் கதையாவது நமக்குத் தெரியுமா? 1784இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டார். சிலாங்கூர் உள்நாட்டுப் போரின்போது, 1871இல், பிரிட்டிஷ் போர்க்கப்பல் சிலாங்கூர் ஆற்று முகத்தைப் பீரங்கியால் தாக்கியது. மலை உச்சிக் கலங்கரை விளக்கம் 1907இல் எழுந்தது. இவற்றை மலாய்க்காரர் வரலாறு, வெள்ளைக்காரர் வரலாறு என்று ஒதுக்கிவைத்தோம். கடலோரம் மீன்பிடிக்கும் சீனர், வடக்கே தஞ்சோங் காராங் வயல்களில் நெல் விளைவிப்போர், உள்ளே தோட்டத்தில் நாம் என்று மூன்று தலைமுறை பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும், ஒருவர் ஊரை மற்றவர் கேட்டறியவில்லை. அதில் நம் பங்கும் உண்டு.

சரி, அது பிறர் வரலாறு என்றே வைத்துக்கொள்வோம். நம்முடையதை என்ன செய்தோம்?

பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா என்கிறார்கள், தென்னமரம் தோட்டம் இருக்கிறது. மலேசியாவில் வாணிபத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது அங்கேதான். ஆண்டு 1917. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை, காப்பி சரியாக வராத நிலத்தில் செம்பனையைப் போட்டார். இன்று நாடு முழுக்க ஐம்பது லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருக்கும் தொழிலுக்கு அதுதான் தொடக்கம். அந்தத் துரை பிறகு மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதற்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டத்துத் தமிழர்கள் அந்த நாவலில் வருகிறார்கள். துரை எழுதியதால் நம்மவர்கள் பாரீஸ் வாசகர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ஆனால் அந்த மண்ணில் குழி வெட்டிக் கன்று வைத்தவர் யார், கடல் கடந்து எந்தக் கிராமத்திலிருந்து வந்தார், காய்ச்சலில் யார் யார் போனார்கள் என்று நம்மில் ஒருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில்கூடக் குறித்துவைக்கவில்லை. அவர்களோடு ஒரே லயத்தில் இருந்தவர்கள் உயிரோடு இருந்த காலத்திலும் நாம் போய்க் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம், பால்வாளி, கங்காணியின் ஏச்சு, லயத்துக் கூரையில் ஒழுகும் மழை. இதிலிருந்து பிள்ளை தப்பினால் போதும் என்று பெற்றோர் நினைத்தார்கள். அது நியாயமான நினைப்பு. அதில் குற்றம் இல்லை. நாம் கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் வந்தபின், எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் பக்கத்துப் பட்டணத்தின் பெயரைச் சொன்னோமே, அதுதான் குற்றம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, துரைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையையும் கேட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவ்வளவு மானத்தோடு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தோட்டத்தின் பெயரைச் சொல்ல நமக்கு எதற்கு வெட்கம்?

மின்மினி விஷயத்திலும் இப்படித்தான் நடந்துகொண்டோம். அவை கூட்டமாக, ஒரே தாளத்தில் மின்னுவது பெரெம்பாங் மரத்தில். ஆனால் அவற்றின் புழுப்பருவம் கழிவது கரையின் ஈர மண்ணில், சிறு நத்தைகளைத் தின்று. மரம் மட்டும் நின்றால் போதாது, கரையும் காடாக இருக்க வேண்டும். ஆற்றை ஒட்டிச் செம்பனைக்காகக் கரையை வெட்டி வெளியாக்கியபோது, அந்த வேலையில் நம் கைகளும் இருந்தன. கூலிக்குச் செய்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். படித்து முன்னேறிய பிறகும் வாய் திறக்காத நம்மைத்தான் சொல்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் இந்தச் சிலாங்கூர் ஆறு தருகிறது. குழாயைத் திறக்கும்போது அதன் கரை நம் நினைவுக்கு வருகிறதா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இன்று அந்த லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் இருக்கிறார்கள். நம் தாத்தாக்கள் சுமந்த அதே பாரத்தைச் சுமக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் வீட்டுக் கூடங்களில் நாம் பேசும் பேச்சு, அன்று நம்மைப் பற்றிப் பட்டணத்தார் பேசிய பேச்சுதான். எல்லாவற்றையும்விட இந்த மறதிதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

காலம் முழுக்கக் கடந்துவிடவில்லை. பிரட்டுக்கு நின்ற பாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பழைய தோட்டக் கோயில்கள் பலவற்றில் இன்றும் விழா நடக்கிறது. திருவிழாவுக்காவது நாம் போகிறோம், கும்பாபிஷேக மலரும் போடுகிறோம். அதில் நன்கொடையாளர் படமும் விளம்பரமும் பக்கம் பக்கமாக வருகின்றன. கோயிலைக் கட்டிய தொழிலாளருக்குக் கிடைப்பது ஒரு வரி. கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துக் கோயில் குழுக்களில் இருப்பவர்களே, அடுத்த மலரில் பத்துப் பக்கங்களை அந்தத் தோட்டத்து முதியவர்களின் வாய்மொழிக்கு ஒதுக்குங்கள். அவர்கள் நினைவில் இருக்கும் முன்னோரின் பெயர், வந்த ஊர், செய்த வேலை, அடக்கம் செய்த இடம், இவ்வளவு எழுதினாலே போதும். கேட்டு எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.