கம்பி அறுந்தால் கதிரவனும் அணையுமோ?

‘பி.எம். சூர்ய கர் முப்த் பிச்லி யோசனா’ என்பது, வீட்டுக் கூரைமேல் கதிரொளித் தகடு பொருத்துவதற்குத் தில்லியரசு 2024-ஆம் ஆண்டில் கொண்டுவந்த திட்டத்தின் பெயர். காய்வது தமிழ்நாட்டு வெயில். தகடு ஏறுவது தமிழன் தன் கூலியில் கட்டிய கூரை. பெயர் மட்டும் இந்தி! இப்பெயரை உருப்படியாகப் பலுக்கத் தெரிந்த தமிழர் ஊருக்கு ஒருவர் தேறுவாரா? நம் அன்பர்கள் இதனைச் சினந்து பேசுகின்றனர். பேசத்தான் வேண்டும். ஆயின், பெயர்ப்பலகையைப் பார்த்த கண் அதன்கீழ் இருக்கும் பொறியையும் சற்றுப் பார்த்தல் வேண்டாவா?

இத்திட்டத்தில் மூன்று கிலோவாட்டு அமைப்புக்கு 78,000 உருபா நல்கை கிடைக்கும். ஆனால் அவ்வமைப்பு மின்வாரியக் கம்பியோடு இணைந்திருத்தல் வேண்டும். அவ்வாறு இணைக்கும் வழக்கமான அமைப்பில் மின்கல அடுக்கு இராது. தகடு தரும் நேர்மின்னோட்டத்தை வீட்டுக்கேற்ற மாறுமின்னோட்டமாக்கும் பெட்டி, தெருக்கம்பியில் மின்னோட்டம் நின்ற அந்நொடியே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் தொழிலாளியை, வீட்டிலிருந்து திரும்பிப் பாயும் மின்னோட்டம் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த காப்பு அது. அதனை யாம் குறைகூறோம். விளைவை மட்டும் எண்ணிப் பாருங்கள். உச்சி வெயில் கொளுத்துகிறது. கூரைமேல் தகடு பளபளக்கிறது. கீழே விசிறி ஓடவில்லை! தெருவிலிருந்து வீட்டைத் தானே துண்டித்துக்கொண்டு, மின்கலத்தின் துணையால் வீட்டை மட்டும் இயக்கவல்ல பெட்டிகளும் விற்கின்றன. வாங்குமுன் அதனைக் கேட்டுப் பார் என்று தமிழனுக்குத் தமிழில் சொன்னவர் எத்துணைப் பேர்?

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கசாப் புயல் திருமறைக்காட்டை ஒட்டிக் கரையேறிற்று. தென்னைகள் சாய்ந்தன; மின்கம்பங்கள் ஒடிந்து வீழ்ந்தன; பல ஊர்கள் கிழமைக் கணக்கில் இருளிற் கிடந்தன. இருளையேனும் பொறுத்துக்கொள்ளலாம். ஆழ்துளைக் கிணற்றில் நீர் இருந்தது. அதனை மேலேற்ற வழியில்லை! காவிரியின் கடைமடையிலே, காலடியில் நீரை வைத்துக்கொண்டு, கூலிக்கு மின்னாக்கி வரும்வரை குடத்தோடு காத்து நின்றனர் நம் தாய்மார். ஏற்றம், துலா, கவலை, சால் என்னும் சொற்களெல்லாம் அகரமுதலியில் நலமாகவே உள்ளன.

அக்கடலுக்கு மறுகரையில் யாழ்ப்பாணம். 1990-ஆம் ஆண்டின் நடுவில் போர் மீண்டும் மூண்டபின் அக்குடாநாட்டுக்கு மின்னாற்றல் நின்றது. பெட்ரோல் எனப்படும் கன்னெய், மின்கலம், பைஞ்சுதை, உரம் முதலியன கொழும்பு அரசின் தடைப்பட்டியலில் ஏறின. 1995-ஆம் ஆண்டின் இறுதியில் வலிகாம மக்கள் ஒருங்கே ஊரைவிட்டுப் பெயரும்வரை, ஐந்தாண்டுக் காலம் அந்நிலை நீடித்தது. அவர்கள் என் செய்தனர்?

பழப்பாகு அடைத்துவந்த கண்ணாடிப் புட்டியின் அடியில் பஞ்சை இட்டு, அது நனையுமளவு மட்டும் மண்ணெய் வார்த்து, சிறு குழாய் ஒன்றில் திரியைச் செருகி நிறுத்தினர். எரிநெய் வீணாகாது, காற்றுக்கும் சுடர் எளிதில் அவியாது. அவ்வொளியிற் படித்துத் தேர்வெழுதிய பிள்ளைகள் இன்று உலகெங்கும் உளர். வானொலிக்கு மின்கலம் இல்லை. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, சக்கரத்தோடு பூட்டிய விளக்கு மின்னாக்கியிலிருந்து வானொலிக்கு மின்னூட்டினர். வீடே சுற்றியமர்ந்து செய்தி கேட்டது. சுழற்றும் கை தளர்ந்தால் செய்தி படிப்பவர் குரலும் தளர்ந்தது. மகிழுந்தைச் சில துளிக் கன்னெய்யாற் கிளப்பிப் பின்னர் மண்ணெய்யில் ஓட்டினர். புகை கண்ணைக் கரித்தது, பொறி தேய்ந்தது. நோயாளி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். நீரிறைக்கும் பொறிக்கு எரிநெய் கிட்டாத தோட்டங்களில் துலா மீண்டும் ஆடியது.

வறுமையைப் பெருமையாக்க இதனை எழுதவில்லை. மருந்தின்றி மாண்டவர்களும் அவ்வைந்தாண்டில் உண்டு. அக்கொடுமை எந்த இனத்துக்கும் வரவேண்டா. ஆனால் ஒன்றை நோக்குங்கள். அங்கே பள்ளிப்பிள்ளைகள் மின்னியலையும் வேதியலையும் உயர்தர வகுப்புவரை தமிழிலேயே கற்றனர். மிதிவண்டிக் கடைக்காரரும் அறிவியல் மாணவனும் ஒரே மொழியிற் பேசிக்கொண்டனர். ஒருவர் கண்டுபிடித்தது மறுநாளே அடுத்த ஊருக்கு வாய்மொழியாற் பரவியதற்கு அதுவே அடிப்படை. இங்கோ, பொறியாளனின் நூல் ஆங்கிலம், திட்டத்தின் பெயர் இந்தி, பழுதுபார்ப்பவன் தமிழன்!

தனித்தமிழ் அன்பர்க்கும் ஒன்று சொல்வேன், சினவாதீர். 1916-இல் மறைமலையடிகளார் தொடங்கிய இயக்கம் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. இன்று கடைக்காரர் ‘இன்வர்ட்டர்’ என்று சொல்லும் பெட்டிக்குப் பெயர்சூட்ட மூன்று புலவர் கூடினால் நான்கு சொல் பிறக்கும். பெட்டியைத் திறந்து பார்த்தவர் மூவரில் ஒருவரும் இரார். பொருளைக் கையாளாதவன் ஆக்கிய சொல்லைப் பொருளைக் கையாள்பவன் ஏன் ஏற்கவேண்டும்?

அவ்வளவு அரிய வேலையா இது? 100 வாட்டுத் தகடு ஒன்று நம் வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 வாட்டுமணி தரும். (வாட்டும் வோல்ட்டும் ஆம்பியரும் அறிஞர்தம் பெயர்கள், அவற்றோடு நமக்குப் பகையில்லை.) இழப்புப்போக 300 நிற்கும். ஐந்து வாட்டு விளக்கு மூன்று, ஐந்து மணிநேரம் எரிய 75. நேர்மின்னோட்டத்தில் ஓடும் 25 வாட்டு விசிறி எட்டு மணிநேரம் சுழல 200. கைப்பேசிக்கு 15. ஆக 290, ஒரு வீட்டின் இரவு இதில் அடங்கிற்று! 12 வோல்ட்டு, 60 ஆம்பியர்மணி ஈய மின்கல அடுக்கு 720 வாட்டுமணி கொள்ளும். அதிற் பாதியை மட்டும் எடுத்தால் நெடுநாள் உழைக்கும். தகட்டுக்கும் மின்கலத்துக்கும் இடையே மின்னேற்றத்தை அளந்துவிடும் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் வேண்டும். மின்கலத்தின் அருகிலேயே உருகி ஒன்று வைத்தல் வேண்டும்; இதனை விட்டவன் வீட்டைக் கொளுத்திக்கொள்வான். தகட்டைத் தெற்கு நோக்கிப் பத்துப் பாகையளவு சாய்த்து, மர நிழல் விழாத இடத்தில் நிறுத்துக. எல்லாம் நேர்மின்னோட்டத்தில் ஓடுவதால் அந்தப் பெயரில்லாப் பெட்டி இங்கு வேண்டவே வேண்டா.

இதனைச் செய்து பார்த்த மின்பணியாளர்களும் உழவர்களும் மிதிவண்டி பழுதுபார்ப்போரும் நமக்கு எழுதுங்கள். எந்தக் கம்பியை எதனோடு இணைத்தீர்கள், எது கருகியது, எவ்வளவு செலவாயிற்று என்று எழுதுங்கள். ‘இன்வர்ட்டர்’, ‘பியூசு’ என்றே எழுதினாலும் தாழ்வில்லை. தமிழாக்கும் வேலையை இதழ் பார்த்துக்கொள்ளும். எழுத ஓய்வில்லாதவர்கள் ஒரு தாளில் படமாக வரைந்து விடுத்தாலும் போதும்.