வண்டி கொதித்தால் என் செய்வது?



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் சங்கத்துக் குடும்பங்களுள் பல, சொந்தக் காரிலேயே ஊருக்குப் புறப்படுகின்றன. புது வண்டி உடையோரைப் பற்றிக் கவலையில்லை. 1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800 போன்ற பழைய வண்டியை இன்றும் பேணிவரும் அன்பர்களுக்காகவே இம்மாதம் எழுதுகிறேன்.

நீராவி எஞ்சினில் நீர் கொதித்தாக வேண்டும். கார் எஞ்சினிலோ அது கொதிக்கவே கூடாது. மாருதியின் மூன்று சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் நீர், வெப்பத்தை வாங்கிக்கொண்டு முன்புறமுள்ள ரேடியேட்டருக்குச் சென்று, காற்றில் ஆறித் திரும்புகிறது. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் காப்பதால், 100 பாகையைத் தாண்டியும் அந்நீர் கொதிப்பதில்லை. எனவே கொதிப்பு என்பது நோயன்று, நோயின் அறிகுறியே. காரணத்தை அறியாமல் நீரை மட்டும் ஊற்றி ஓட்டுவது பெருங்கேடாய் முடியும்.

நண்பர் ஒருவர் நாகபுரியிலிருந்து தெற்கே புறப்பட்டார். ஹிங்கண்காட் அருகே வண்டி கொதித்தது. நீர் ஊற்றி ஓட்டினார். ஆதிலாபாத்தை அடையுமுன் மும்முறை அவ்வாறே செய்தார். அலுமினியத்தாலான சிலிண்டர் தலை வெப்பத்தில் வளைந்து, கேஸ்கெட்டும் எரிந்துபோயிற்று. ஒரு ரப்பர்க் குழாயின் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல்லாயிரம் ரூபாயை விழுங்கிற்று. அதனினும் கொடிது, கைக்குழந்தையோடு குடும்பம் அந்த வெயிலில் சாலையோரம் காத்திருந்தது.

வெப்பம் காட்டும் முள் வழக்கத்துக்கு மேல் ஏறினால் உடனே ஏ.சி.யை நிறுத்துக. ஹீட்டர் இருப்பின் அதை முழுதும் திறந்துவிடுக. உள்ளே அமர்ந்திருப்போருக்குத் துன்பமே எனினும், எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதி அவ்வழியே வெளியேறும். முள் இறங்காவிடில் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துக. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஆகாது. அழுத்தம் நீங்கிய கணமே கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அரைமணி நேரமேனும் பொறுத்து, ரேடியேட்டர் கைபொறுக்கும் அளவு ஆறிய பின்னரே, தடித்த துணியைப் போட்டு மெல்லத் திறக்க வேண்டும். சூடான எஞ்சினில் தண்ணீரைத் திடீரென ஊற்றினால் உலோகம் விரிசல் காணக்கூடும்.

இனிக் காரணத்தை ஆராய்வோம். வண்டி எப்போது சூடாகிறது என்பதே முதற்கேள்வி. நகர நெரிசலில் மட்டும் சூடாகி, நெடுஞ்சாலையில் தணிந்தால் மின்விசிறியை ஐயுறுக. ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே போதும். நிற்கும் வண்டிக்கு விசிறியே துணை. அது சுழலாவிடில் ஃபியூஸ், ரிலே, வெப்பச் சுவிட்சு, மோட்டார் என வரிசையாகச் சோதிக்கச் சொல்லுங்கள். வேகமாக ஓடும்போதும் சூடானால், நீர் குறைந்திருக்கலாம், பெல்ட் தளர்ந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைபட்டிருக்கலாம், தெர்மோஸ்டாட் திறவாதிருக்கலாம். இந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பழைய பாத்திரமொன்றில் நீரிலிட்டுக் காய்ச்சிப் பாருங்கள். நீர் கொதிக்குமுன் அதன் வாய் திறவாவிடில் அது பழுதே.

நீர் குறைந்துகொண்டே வந்து, வெளியே கசிவும் தென்படாவிடில் அஞ்ச வேண்டும். புகைக்குழாயில் ஓயாத வெண்புகை, எண்ணெயில் பால் கலந்த காப்பியின் நிறம், ரேடியேட்டரில் குமிழிகள் ஆகியவை கேஸ்கெட் போனதற்கு அடையாளங்கள். அந்நிலையில் பயணத்தை ஒத்திவைப்பதே அறிவுடைமை.

மெக்கானிக்குகள் சிலர் இரண்டு குறுக்குவழிகளைக் கூறுவர். ஒன்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. மற்றொன்று, விசிறியை எந்நேரமும் சுழலுமாறு நேரே இணைப்பது. இவற்றால் எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் பெட்ரோல் வீணாகும், தேய்மானமும் மிகும். மெய்யான பழுது மறைந்திருந்து வளரும். பணிவோடு மறுத்துவிடுங்கள்.

வட இந்தியாவில் பல ஊர்களின் நிலத்தடி நீர் உப்புச் செறிந்தது. நாம் அடுப்பில் வைக்கும் பாத்திரத்தில் வெண்மையாய்ப் படிவதே ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிந்து அடைக்கிறது. ஆகவே காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் கலந்தே நிரப்புக. கூலன்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ஆயின் அது கொடிய நஞ்சு, சுவையோ இனிப்பு. குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் இன்றியமையாதது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில், நீரின் அளவையும் குழாய்களையும் பெல்ட்டையும் பாருங்கள். ஓட்டுபவர் மட்டுமன்றி இல்லத்தரசியாரும் வளர்ந்த பிள்ளைகளும் அந்த முள்ளைக் கவனிக்கப் பழகட்டும். பல கண்கள் காணும் வண்டி வழியில் நிற்பது அரிது.

அடுத்த இதழில் பிரேக்குகளைப் பற்றிப் பார்ப்போம்.