கேமரா யாரைப் பார்க்கிறது?

பணியிடப் பாதுகாப்பை இனிச் செயற்கை நுண்ணறிவு கவனித்துக்கொள்ளும் என்கிறார்கள். தலைக்கவசம் போடாதவரைக் கேமரா கண்டுபிடித்துவிடுமாம். ஆபத்து வருமுன் செயலி எச்சரிக்குமாம். எந்த நிறுவனத்தில் ஆய்வு நடத்துவது என்பதைக்கூடக் கணினியே தேர்ந்தெடுக்குமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் மிக ஆபத்தான வேலையை யார் செய்வது என்பதைச் சாதி முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறது. அந்தத் தீர்மானத்தைத் தொடாத கருவியால் யாருக்குப் பாதுகாப்பு?

அரசின் கணக்கையே பார்ப்போம். பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிப் பணியாளர்களுக்காக ஒன்றிய அரசு 2023-இல் ‘நமஸ்தே’ திட்டத்தைத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் வெளியான அதன் தரவின்படி, கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 பேரில் 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் சாதியினர் மட்டும் ஏறத்தாழ 69 விழுக்காடு. 2022, 2023 ஆண்டுகளின் மலக்குழி மரணங்களில் 54-ஐ ஆராய்ந்த சமூகத் தணிக்கையின் முடிவு 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்த 54 பேரில் 49 பேர் எந்தப் பாதுகாப்புக் கவசமும் இல்லாமல் இறக்கப்பட்டவர்கள். ஒரு ஜோடி கையுறைகூடக் கிடைக்காதவர்கள்.

தொழில்நுட்பம் இல்லாததாலா செத்தார்கள்? நச்சுவாயுவை அளந்து சொல்லும் கையடக்கக் கருவி பல பத்தாண்டுகளாகச் சந்தையில் இருக்கிறது. கேரளத்தில் உருவான ‘பாண்டிகூட்’ எந்திரம் 2018-இலேயே சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. அடையாற்றுக்குப் பக்கத்திலேயே, சென்னை ஐஐடியில், கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ‘ஹோமோசெப்’ எந்திரத்தை உருவாக்கினார்கள். மனிதரை இறக்கக் கூடாது என்று 2013 சட்டம் சொல்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் இந்த வேலையை முற்றாக நிறுத்தச் சொன்னது. எந்திரமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் தொட்டி அடைத்துக்கொண்டால் ஒரே ஒரு போன் போதும், ஆள் வந்துவிடுவார். எந்திரத்தைவிட அந்த ஆள் மலிவு. அவரை அப்படி மலிவாக்கி வைத்திருப்பதன் பெயர்தான் சாதி.

சரி, தூய்மைப் பணியாளரிடம் வந்து சேர்ந்த தொழில்நுட்பம் எது? சண்டிகரிலும் நாக்பூரிலும் ஜிபிஎஸ் கைக்கடிகாரம் கட்டிவிட்டார்கள். அவர் எந்தத் தெருவில் நிற்கிறார், எத்தனை மணிக்கு வந்தார் என்பதை அது மேலதிகாரிக்குச் சொல்லும். அவர் சுவாசிக்கும் காற்றில் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்லாது. உயிரைக் காக்கும் கருவிக்கு இல்லாத காசு, வேவு பார்க்கும் கருவிக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

சென்னைக்கு வருவோம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளின் குப்பை அள்ளும் வேலை 2020-இலேயே தனியாருக்குப் போய்விட்டது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் கொடுத்தபோது, 2025 ஆகஸ்டில் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் கேட்டது பணி நிரந்தரம். பணியிடப் பாதுகாப்பின் முதல் படியே அதுதான். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர் ‘நான் இறங்க மாட்டேன்’ என்று எப்படிச் சொல்வார்? செயலியில் புகார் செய்யும் வசதி இருக்கலாம். புகார் செய்தவரின் முகம் மறுநாள் வருகைப்பதிவில் இருக்காது.

அதே ஆகஸ்ட் 23 அதிகாலை, கண்ணகி நகரில் தேங்கிய மழைநீரில் மின்சாரம் கசிந்து, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர் இறந்தார். கண்ணகி நகர் யாருடைய ஊர்? நகரின் நடுவே வாழ்ந்த உழைக்கும் மக்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் போட்ட இடம். நகரத்துக்கு அவர்களுடைய உழைப்பு வேண்டும், அவர்கள் வேண்டாம். தண்ணீரில் மின்சாரம் கசிவதை எச்சரிக்கும் ‘ஸ்மார்ட்’ ஏற்பாடு எதுவும் அங்கே இல்லை.

இதற்கிடையில் 2025 நவம்பர் 21 முதல் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆய்வாளர் இனி முதலாளிக்கு ‘வசதி செய்து தருபவரும்’ ஆவார். எங்கே ஆய்வு என்பது இணையவழிக் குலுக்கல். 20 பேரை வைத்திருந்தாலே உரிமம் வாங்க வேண்டியிருந்த ஒப்பந்தக்காரருக்கு அந்த வரம்பு 50 ஆகிவிட்டது. 49 பேரை வைத்து வேலை வாங்குபவர் அந்தக் கணக்குக்குள்ளேயே வரமாட்டார். பட்டியலில் இல்லாதவரை எந்த அல்காரிதம் கண்டுபிடிக்கும்?

தொழில்நுட்பமே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். மேலே சொன்ன சாதிக் கணக்கே ஒரு கணக்கெடுப்பில் வந்ததுதான். நாம் கேட்பது கேமராவைத் திருப்பச் சொல்லி. ஒப்பந்தக்காரர் யார், என்ன கவசம் வாங்கினார், எத்தனை பேருக்குக் கொடுத்தார் என்பதை வார்டு வாரியாகப் பொதுவில் போடுங்கள். மனிதரை மலக்குழியில் இறக்கியவர் மீதான வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் போடுங்கள். தொழிலாளியைப் பற்றிச் சேர்க்கும் தரவைத் தொழிலாளிக்கும் அவருடைய சங்கத்துக்கும் கொடுங்கள். அதை வைத்துக் கூலியைப் பிடிக்காதீர்கள். பணியை நிரந்தரமாக்குங்கள்.

இவற்றில் எதற்கும் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை. மலக்குழிக்குள் இறங்குவது நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வோமோ, அதைச் செய்தால் போதும். அது நடக்கும்வரை, பாதுகாப்பு என்ற பெயரில் வரும் ஒவ்வொரு செயலியிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீ யாரைப் பார்க்கிறாய், யாரைப் பார்க்க மறுக்கிறாய்?