சாம்பலெல்லாம் ஒன்றல்ல

நாவற்குடாவில் எங்கள் வளவுக்குள், கிணற்றடியோடு ஒரு கத்தரிப் பாத்தி இருக்கிறது. அடுப்புச் சாம்பலை அள்ளி இலையில் தூவுவது அம்மா காலத்துப் பழக்கம். சட்டி பானை விளக்குவதும் அதே சாம்பலில்தான். சாம்பலைக் கண்டு நான் ஒரு நாளும் பயந்ததில்லை.

போன மாதம் பக்கத்து வளவுத் தம்பி, செம்பு எடுத்து விற்பதற்காகப் பழைய வயர்களையும் உடைந்த ரீவியின் பாகங்களையும் போட்டு எரித்தான். மிஞ்சிய சாம்பலை வாளியில் கொண்டுவந்து, "அக்கா, கத்தரிக்குப் போடுங்க" என்று தந்தான். நானும் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்திருந்த சம்பூர் அக்காதான், "பிள்ளை, அதைப் போடாத" என்று தடுத்தா.

அக்கா 2006இல் ஷெல்லடிக்குள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாகரை வழியாக மட்டக்களப்புக்கு ஓடிவந்தவ. பல வருசம் கழித்து ஊர் திரும்பியபோது, அங்கே 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் கட்டும் திட்டம் காத்திருந்தது. இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் சேர்ந்து கட்டுவதாக இருந்தது. அந்த நாளில் ஊரில் நடந்த கூட்டங்களில்தான் அக்கா சாம்பலைப் பற்றிப் படித்தா.

நெருப்பு உலோகத்தை அழிப்பதில்லை. நிலக்கரி எரிந்து போனாலும், அதில் துளித்துளியாக இருந்த ஈயம், ஆர்சனிக், கட்மியம் முதலியவை சாம்பலில் செறிந்து மிஞ்சும். வயரை எரித்தாலும் இதே கதைதான். காற்றில் பறந்தால் மூச்சோடு உள்ளே போகும். மழையில் கரைந்தால் நிலத்துக்குள் இறங்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் மணல் தரையில் கிணறு அதிக ஆழமில்லை. ஈயம் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணித் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

புத்தளம் நுரைச்சோலையில் 2011இலிருந்து நிலக்கரி மின் நிலையம் இயங்குகிறது. சாம்பலில் ஒரு பகுதி சீமெந்துக்குப் போகிறது. மிச்சம் குவிகிறது. காற்றுக் காலத்தில் அந்தத் தூள் வீட்டிலும் தோட்டத்திலும் படிவதாக அயலிலுள்ளவர்கள் பல வருசமாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2008 டிசம்பரில் சாம்பல் குளத்தின் அணையே உடைந்தது. அதைத் துப்புரவு செய்த தொழிலாளர் பலர் பிறகு நோயுற்று வழக்குப் போட்டார்கள்.

இப்படியான சாம்பலைக் கொட்டும் குழியின் அடியில் களிமண்ணும் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பும் இருக்க வேண்டும். தூள் பறக்காமல் நனைத்து, மேலே மண் மூட வேண்டும். சுற்றிவரக் கிணறு வெட்டி, தண்ணீரை ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். "ஆலை வந்தால் வேலை வரும்" என்று யாரும் வந்தால், "சாம்பல் எங்க போகும்?" என்று முதலில் கேளுங்கள்.

சம்பூர் மக்களும் சூழலியலாளர்களும் கேட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2016இல் அரசாங்கம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. "வெயிலுக்குச் சாம்பல் இல்லத்தானே" என்று சிரிக்கிறா அக்கா.

அந்த வாளிச் சாம்பலை நனைத்து, தடித்த பையில் கட்டி, மூடியுள்ள வாளிக்குள் வைத்து, கிணற்றுக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். எங்கே ஒப்படைப்பது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டிருக்கிறோம். தம்பி இப்போது வயரை எரிக்காமல், உரித்து விற்கிறான். அடுப்புச் சாம்பல் மட்டும் வழக்கம்போல் கத்தரிக்குப் போகிறது.